ஒரு பங்கு எவ்வளவு? விகிதக் கணக்கும் சமன்பாடும் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வில் 200 கேள்விகள், மூன்று மணி நேரம். வகுத்துப் பார்த்தால் ஒரு கேள்விக்கு 54 நொடி. அந்த 200-இல் 25 கேள்விகள் திறனறிவு, மனக்கணக்குப் பகுதியைச் சேர்ந்தவை. ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை மதிப்பெண். பத்தாம் வகுப்போடு கணக்கை மூட்டை கட்டி வைத்துவிட்டு, ஏழெட்டு வருடம் கழித்து மறுபடி கையில் எடுப்பவர்கள் இந்த 25-ஐப் பார்த்துத்தான் அதிகம் மிரளுகிறார்கள். "பொது அறிவை எப்படியாவது மனப்பாடம் பண்ணிடுவேன், கணக்கு மட்டும் வராது" என்பார்கள்.

அவர்களுக்குக் கூட்டவும் பெருக்கவும் நன்றாகவே வரும். கடையில் மீதிச் சில்லறையை யாரும் தவறாக வாங்கி வருவதில்லை. சிக்கல் வாக்கியத்தில் இருக்கிறது. மூன்று வரித் தமிழை ஒரு வரிச் சமன்பாடாக மாற்றத் தெரியாததால்தான் பேனா நின்றுபோகிறது. இந்தக் கட்டுரை அந்த ஒரு வேலையைப் பற்றியது. விகிதக் கணக்கு, வயதுக் கணக்கு, கலவைக் கணக்கு, வருமானம் செலவுக் கணக்கு எல்லாமே "தெரியாத ஒன்று எது, அதற்கு என்ன பெயர் வைப்பது" என்ற கேள்வியில் வந்து நிற்பவைதான். விகிதக் கணக்கில் அந்தத் தெரியாத ஒன்று பெரும்பாலும் ஒரு பங்கின் மதிப்பு.

பள்ளியில் எக்ஸ், ஒய் என்று எழுதியிருப்போம். இங்கே நான் பங்குக்கு 'ப', வயதுக்கு 'வ', எண்ணுக்கு 'எ' என்று எழுதப் போகிறேன். விடைத்தாளில் நீங்கள் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். எழுத்தைப் பார்த்தவுடன் அது எதைக் குறிக்கிறது என்று நினைவுக்கு வர வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் கடைசி வரி

ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம்.

ஒரு வகுப்பில் மாணவர்களுக்கும் மாணவிகளுக்கும் உள்ள விகிதம் 5:4. மாணவர்கள் மாணவிகளைவிட 8 பேர் அதிகம் எனில், மாணவிகள் எத்தனை பேர்?

விடைகள்: 8, 32, 40, 72.

முதல் வேலை, கடைசி வரியில் "மாணவிகள்" என்ற சொல்லுக்குக் கீழே கோடு போடுவது. சின்னப்பிள்ளைத்தனமாகத் தோன்றும். ஆனால் விடைகளைப் பாருங்கள். 8 என்பது ஒரு பங்கு. 40 மாணவர்கள். 72 மொத்த வகுப்பு. கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டுத் தவறான இடத்தில் நிறுத்துகிறவருக்காகவே மூன்று விடைகள் காத்திருக்கின்றன. கேள்வி தயாரிப்பவர்கள் விடைகளை அப்படித்தான் அமைப்பார்கள். நீங்கள் நடுவழியில் பெறும் எண்களெல்லாம் பட்டியலில் இருக்கும்.

இரண்டாவது வேலை, பெயர் வைப்பது. ஒரு பங்கில் 'ப' பேர் என்று வைத்துக்கொண்டால் மாணவர்கள் 5ப, மாணவிகள் 4ப.

மூன்றாவது, மிச்சமிருக்கும் வாக்கியத்தைச் சமன்பாடாக்குவது. "மாணவர்கள் மாணவிகளைவிட 8 பேர் அதிகம்" என்றால்,

5ப − 4ப = 8

ஆக, ப = 8. இங்கே நிறுத்தாமல் கோடு போட்ட சொல்லுக்குத் திரும்ப வேண்டும். மாணவிகள் 4ப, அதாவது 32.

நான்காவது, சரிபார்ப்பது. 40-க்கும் 32-க்கும் வித்தியாசம் 8. 40:32-ஐ எட்டால் சுருக்கினால் 5:4. சரி. ஐந்து நொடிக்கு மேல் ஆகாத இந்தச் சரிபார்ப்பைத்தான் முதலில் கைவிடுகிறோம்.

இந்த நான்கு வேலைகளும் இனி வரும் எல்லாக் கணக்கிலும் இதே வரிசையில் வரும். கஷ்டமெல்லாம் இரண்டாவதிலும் மூன்றாவதிலும்தான்.

யாருக்குப் பெயர் வைப்பது

"கமலாவிடம் செல்வியைவிட 15 ரூபாய் அதிகம். இருவரிடமும் சேர்த்து 85 ரூபாய்." இதில் யாரிடம் உள்ள பணத்துக்குப் பெயர் வைப்பது? 'விட' யார் பெயரோடு ஒட்டியிருக்கிறதோ அவர்தான் அளவுகோல். அவருக்குப் பெயர் வைத்தால் மற்றவர் தானாக வந்துவிடுவார். செல்வியிடம் 'ப' ரூபாய், கமலாவிடம் ப + 15. இரண்டையும் கூட்டினால் 2ப + 15 = 85. ஆகவே ப = 35, கமலாவிடம் 50.

"தந்தையின் வயது மகனின் வயதைப்போல் மூன்று மடங்கு" என்றால் 'போல்' மகனோடு ஒட்டியிருக்கிறது. மகனுக்கு 'வ', தந்தைக்கு 3வ. தந்தைக்கு 'வ' என்று வைத்தாலும் தவறில்லை. ஆனால் மகனின் வயதைப் பின்னமாக எழுதிக்கொண்டு அல்லாட வேண்டியிருக்கும். சிறியதற்குப் பெயர் வைத்தால் பின்னம் பெரும்பாலும் வராது.

அடுத்தடுத்த எண்கள் வந்தால் நடு எண்ணுக்குப் பெயர் வையுங்கள். அடுத்தடுத்த மூன்று இரட்டை எண்களின் கூடுதல் 54 என்றால் எ − 2, எ, எ + 2. கூட்டினால் இரண்டுகள் அடிபட்டு 3எ = 54, எ = 18 என்று ஒரே வரியில் முடிந்துவிடும். முதல் எண்ணிலிருந்து தொடங்கினால் இதே கணக்குக்கு மூன்று வரி ஆகும்.

வாக்கியத்தில் எது முதலில் நடக்கிறது

கீழே உள்ள இரண்டு வாக்கியங்களும் ஒன்றுபோலவே காதில் விழும்.

ஓர் எண்ணின் மும்மடங்கிலிருந்து 6-ஐக் கழித்தால் 24 கிடைக்கும்.

ஓர் எண்ணிலிருந்து 6-ஐக் கழித்து, வருவதை மும்மடங்காக்கினால் 24 கிடைக்கும்.

முதலாவதில் பெருக்கல் முடிந்த பிறகுதான் கழித்தல். எனவே 3எ − 6 = 24, எ = 10. இரண்டாவதில் கழித்தல் முதலில் நடக்கிறது. அதை அடைப்புக்குள் போட வேண்டும்: 3(எ − 6) = 24, எ = 14. எது முதலில் நடக்கிறதோ அதை அடைப்புக்குள் போடு என்று வைத்துக்கொண்டால் பாதிப் பிழைகள் போய்விடும்.

சமன்பாடு கிடைத்தபின் தீர்ப்பது எளிது. "இந்தப் பக்கம் கூட்டல் அந்தப் பக்கம் போனால் கழித்தல்" என்று மனப்பாடமாகச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அது வேலை செய்யும். ஆனால் காரணம் தெரியாவிட்டால் பதற்றத்தில் குறி மாறிவிடும். இரண்டு பக்கமும் சமம் என்பதால், ஒரு பக்கத்தில் எதைச் செய்தாலும் மறு பக்கத்திலும் அதையே செய்ய வேண்டும். நடப்பது அவ்வளவுதான்.

5ப − 8 = 2ப + 13

இரண்டு பக்கத்திலும் 2ப-வைக் கழித்தால் 3ப − 8 = 13. இரண்டு பக்கத்திலும் 8-ஐக் கூட்டினால் 3ப = 21. மூன்றால் வகுத்தால் ப = 7. பழகிய பிறகு நடு வரிகளை மனதிலேயே முடித்துக்கொள்ளலாம். ஆரம்பத்தில் ஒரு வாரமாவது ஒவ்வொரு வரியையும் எழுதுங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. அடைப்புக்கு முன்னால் கழித்தல் குறி இருந்தால், அடைப்பை நீக்கும்போது உள்ளே இருக்கும் எல்லாக் குறியும் மாறும். 10 − (ப − 3) என்பது 7 − ப அல்ல, 13 − ப.

4:5 என்றால் நான்கும் ஐந்தும் அல்ல

விகிதத்தில் புதியவர்கள் சறுக்கும் இடம் இதுதான். 4:5 என்று பார்த்தவுடன் ஒருவரிடம் நான்கு, இன்னொருவரிடம் ஐந்து என்று மனம் ஓடுகிறது. விகிதம் சொல்வது எத்தனை பங்கு என்பதை மட்டுமே. ஒரு பங்கு எவ்வளவு என்பதை அது சொல்வதே இல்லை. அதைக் கண்டுபிடிக்கத்தான் கேள்வியில் இன்னொரு தகவல் தரப்படுகிறது. அது மொத்தமாக இருக்கலாம், வித்தியாசமாக இருக்கலாம், ஒருவரின் அளவாக இருக்கலாம். அந்தத் தகவல் எத்தனை பங்குக்குச் சமம் என்று பார்த்து வகுத்தால் ஒரு பங்கு கிடைத்துவிடும்.

நகைக்கடையில் '916' என்ற முத்திரையைப் பார்த்திருப்பீர்கள். அது ஒரு விகிதக் கணக்குதான். சுத்தத் தங்கம் 24 காரட். 22 காரட் என்றால் 24 பங்கில் 22 பங்கு தங்கம், மீதி 2 பங்கு செம்பு போன்ற வேறு உலோகம். தங்கத்துக்கும் மற்றதற்கும் விகிதம் 22:2, சுருக்கினால் 11:1. 22-ஐ 24-ஆல் வகுத்தால் 0.9166 என்று வரும். ஆயிரம் பங்குக்கு 916 பங்கு என்பதைத்தான் அந்த முத்திரை சொல்கிறது. இப்போது கேள்வி: ஒரு சவரன், அதாவது 8 கிராம், 22 காரட் நகையில் சுத்தத் தங்கம் எவ்வளவு? மொத்தம் 12 பங்கு, 8 கிராம். ஒரு பங்கு 8 ÷ 12, அதாவது முக்கால் கிராமுக்குச் சற்றுக் குறைவு. தங்கம் 11 பங்கு. 88 ÷ 12 = 7.33 கிராம்.

விகிதம் எழுதும் முன் இரண்டு விஷயங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். அலகு ஒன்றாக இருக்க வேண்டும். 40 நிமிடத்துக்கும் 2 மணி நேரத்துக்கும் விகிதம் 20:1 அல்ல. 40:120, அதாவது 1:3. அப்புறம் வரிசை. "முறையே" என்ற சொல் வந்தால், பெயர்கள் வந்த வரிசையிலேயே எண்களும் வருகின்றன என்று பொருள்.

நோட்டு எண்ணிக்கையா, பணமா?

ஒரு பையில் 10, 20, 50 ரூபாய் நோட்டுகள் முறையே 5:3:2 என்ற விகிதத்தில் உள்ளன. மொத்தம் 1,050 ரூபாய் எனில், 20 ரூபாய் நோட்டுகள் எத்தனை?

அவசரக்காரர் 5 + 3 + 2 = 10 என்று கூட்டி, 1,050-ஐப் பத்தால் வகுத்து 105 என்பார். ஆனால் விகிதம் நோட்டுகளின் எண்ணிக்கைக்குத் தரப்பட்டிருக்கிறது. 1,050 என்பது பணம். இரண்டும் வெவ்வேறு. எண்ணிக்கையைப் பணமாக்கிவிட்டுத்தான் கூட்ட முடியும்.

நோட்டுகள் 5ப, 3ப, 2ப. பணமாக்கினால் 50ப, 60ப, 100ப. கூட்டினால் 210ப = 1,050. எனவே ப = 5, 20 ரூபாய் நோட்டுகள் 15. சரிபார்த்தால் 250 + 300 + 500 = 1,050.

இதற்கு நெருங்கிய உறவு இன்னொரு கணக்கு. 20 ரூபாய், 50 ரூபாய் நோட்டுகள் மொத்தம் 30 இருக்கின்றன, மதிப்பு 900 ரூபாய். விகிதமே இல்லை. இதைச் சமன்பாடாகப் போடலாம். 50 ரூபாய் நோட்டு 'ப' என்றால் 20 ரூபாய் நோட்டு 30 − ப. ஆகவே 50ப + 20(30 − ப) = 900. சுருக்கினால் 30ப = 300, ப = 10.

மனக்கணக்காகவும் போடலாம். முப்பதும் 20 ரூபாய் நோட்டு என்று வைத்துக்கொண்டால் 600 ரூபாய்தான் வரும். 300 குறைகிறது. ஒரு நோட்டை 50-ஆக மாற்றினால் 30 ரூபாய் கூடும். 300 ÷ 30 = 10 நோட்டை மாற்ற வேண்டும். கூர்ந்து பார்த்தால் மேலே உள்ள சமன்பாட்டின் கடைசி வரியும் இதுவும் ஒன்றுதான். குறுக்குவழி என்று தனியாக விற்கப்படுபவை பல இப்படித்தான், சமன்பாட்டை வாயால் சொல்வதுதான். முதலில் சமன்பாடு கைக்கு வந்துவிட்டால் குறுக்குவழி தானாகப் புரியும். குறுக்குவழியை மட்டும் மனப்பாடம் செய்தால் கேள்வியில் ஒரு சொல் மாறினாலும் முழிக்க வேண்டியதுதான்.

இரண்டு விகிதங்களை ஒட்டுவது

கமலாவுக்கும் செல்விக்கும் 2:3, செல்விக்கும் மீனாவுக்கும் 4:5 என்ற விகிதத்தில் 7,000 ரூபாயைப் பிரிக்க வேண்டும். செல்வி இரண்டு விகிதத்திலும் வருகிறார். ஒன்றில் 3 பங்கு, மற்றதில் 4 பங்கு. அவரை இரண்டிலும் ஒரே எண்ணாக்க வேண்டும். 3, 4 இரண்டின் மீ.சி.ம. (இரண்டாலும் மீதியின்றி வகுபடும் மிகச் சிறிய எண்) 12. முதல் விகிதத்தை நான்கால் பெருக்கினால் 8:12. இரண்டாவதை மூன்றால் பெருக்கினால் 12:15. ஒட்டினால் 8:12:15. மொத்தம் 35 பங்கு, ஒரு பங்கு 200 ரூபாய். கமலாவுக்கு 1,600, செல்விக்கு 2,400, மீனாவுக்கு 3,000.

வயதுக் கணக்கு

இதற்குத் தனியாக நேரம் ஒதுக்கலாம். தேர்வுகளில் சலிக்காமல் திரும்பத் திரும்ப வருவது இது.

தந்தையின் வயது மகனின் வயதைப்போல் மூன்று மடங்கு. 12 ஆண்டுகளுக்குப் பின் அது இரு மடங்காகும். மகனின் தற்போதைய வயது என்ன?

எப்போதும் 'இப்போது' என்பதற்குத்தான் பெயர் வைக்க வேண்டும். காலம் முன்னே பின்னே போகும்போது இங்கிருந்து கூட்டவோ கழிக்கவோ செய்யலாம். சின்னக் கட்டம் ஒன்று போட்டுக்கொண்டால் குழப்பமே வராது. இடப்பக்கம் இப்போது, வலப்பக்கம் 12 ஆண்டு கழித்து.

மகன்: வ, வ + 12
தந்தை: 3வ, 3வ + 12

வலப்பக்கத்தில் தந்தை மகனைப்போல் இரு மடங்கு. எனவே 3வ + 12 = 2(வ + 12). அடைப்பை நீக்கினால் 3வ + 12 = 2வ + 24. ஆகவே வ = 12. மகனுக்கு 12, தந்தைக்கு 36. பன்னிரண்டு ஆண்டு கழித்து 24, 48.

இந்தக் கணக்கில் வழக்கமான தவறு 12-ஐ ஒருவருக்கு மட்டும் கூட்டுவது. கட்டம் போட்டால் அது நடக்காது. இன்னொரு தவறு, மொத்த வயது தரப்பட்டால் வருவது. மூவரின் வயதுக் கூடுதல் இப்போது 60. நான்கு ஆண்டுகளுக்கு முன் எவ்வளவு? 56 என்று வாய் முந்திக்கொள்ளும். மூவருக்கும் நான்கு நான்காகக் குறையும். 48தான் சரி. (நான்கு ஆண்டுக்கு முன் மூவரும் பிறந்திருந்தால்!)

வயது விகிதமாக வந்தால் ஒரு அருமையான வழி இருக்கிறது. இருவருக்கும் இடையே உள்ள வயது வித்தியாசம் சாகும்வரை மாறாது. அதைப் பிடித்துக்கொண்டால் பல கேள்விகளை எழுதாமலே முடிக்கலாம்.

இருவரின் வயது விகிதம் 4:5. ஆறு ஆண்டுகளுக்குப் பின் 6:7. தற்போதைய வயது என்ன?

முதல் விகிதத்தில் வித்தியாசம் 1 பங்கு. இரண்டாவதிலும் 1 பங்கு. வித்தியாசம் மாறவில்லை என்பதால் இரண்டு விகிதத்திலும் பங்கின் அளவு ஒன்றே. நான்கு பங்கு ஆறு பங்காக வளர்ந்திருக்கிறது. இரண்டு பங்கு = 6 ஆண்டு, ஒரு பங்கு 3. வயது 12, 15.

வித்தியாசங்கள் ஒன்றாக இல்லாவிட்டால் ஒன்றாக்கிக்கொள்ள வேண்டும். மேலே சொன்ன தந்தை மகன் கணக்கையே பாருங்கள். இப்போது 3:1, வித்தியாசம் 2. பிறகு 2:1, வித்தியாசம் 1. இரண்டாவதை இரண்டால் பெருக்கி 4:2 என்றாக்கினால் வித்தியாசம் 2 ஆகிவிடும். தந்தை 3 பங்கிலிருந்து 4 பங்குக்குப் போயிருக்கிறார். ஒரு பங்கு 12 ஆண்டு. மகன் ஒரு பங்கு, 12 வயது. இரண்டு வழியிலும் ஒரே விடை.

எது மாறவில்லை?

வயதில் வித்தியாசம் மாறாததுபோல, கலவைக் கணக்கிலும் மாறாத ஒன்று இருக்கும். அதைத் தேடுங்கள்.

40 லிட்டர் பால் கலவையில் பாலும் தண்ணீரும் 7:1. எவ்வளவு தண்ணீர் சேர்த்தால் விகிதம் 5:1 ஆகும்?

மொத்தம் 8 பங்கு, ஒரு பங்கு 5 லிட்டர். பால் 35, தண்ணீர் 5. சேர்ப்பது தண்ணீரைத்தான், பால் 35 லிட்டராகவே இருக்கும். புதிய விகிதத்தில் அந்த 35 லிட்டர் 5 பங்கு. ஒரு பங்கு 7 லிட்டர், அதுதான் புதிய தண்ணீர் அளவு. ஏற்கெனவே 5 இருக்கிறது. இன்னும் 2 லிட்டர் ஊற்ற வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டியது, பங்கின் அளவு முதலில் 5 லிட்டராக இருந்தது, பிறகு 7 லிட்டரானது. ஒரே 'ப'-வை இரண்டு விகிதத்துக்கும் பயன்படுத்தினால் கணக்கு கவிழ்ந்துவிடும். அடுத்த வகைக் கணக்கு முழுக்க முழுக்க இந்தக் கண்ணியில்தான் நிற்கிறது.

வருமானம், செலவு, சேமிப்பு

இருவரின் மாத வருமான விகிதம் 9:7. செலவு விகிதம் 4:3. ஒவ்வொருவரும் மாதம் 2,000 ரூபாய் சேமித்தால் வருமானம் எவ்வளவு?

வருமானம் 9ப, 7ப என்று வைத்துவிட்டு, செலவையும் 4ப, 3ப என்று எழுதுவது பலருக்குக் கை தானாகச் செய்யும் வேலை. அப்படி எழுதினால் என்ன ஆகும்? முதலாமவர் சேமிப்பு 5ப = 2,000, ப = 400. இரண்டாமவர் சேமிப்பு 4ப = 2,000, ப = 500. ஒரே எழுத்துக்கு இரண்டு மதிப்பு. கணக்கே நம்மிடம் "எங்கேயோ தப்பு" என்று சொல்கிறது. வருமானத்தின் ஒரு பங்கும் செலவின் ஒரு பங்கும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லையே.

செலவின் பங்குக்கு 'ச' என்று வேறு பெயர் வைப்போம்.

9ப − 4ச = 2,000
7ப − 3ச = 2,000

இரண்டுக்கும் வலப்பக்கம் ஒன்றுதான். ஆகவே இடப்பக்கங்களும் சமம்: 9ப − 4ச = 7ப − 3ச. சுருக்கினால் 2ப = ச. இதை முதல் சமன்பாட்டில் போட்டால் 9ப − 8ப = 2,000. ப = 2,000, ச = 4,000. வருமானம் 18,000, 14,000. செலவு 16,000, 12,000. இருவருக்கும் மிச்சம் 2,000.

சேமிப்பு இருவருக்கும் வேறு வேறாகத் தரப்பட்டால் இந்தச் சமப்படுத்தும் வழி ஓடாது. அப்போது ஏதாவது ஒரு எழுத்தின் கெழுவை, அதாவது அதற்கு முன்னால் நிற்கும் எண்ணை, இரண்டு சமன்பாட்டிலும் ஒன்றாக்கிக் கழிக்க வேண்டும். இங்கே என்றால் முதலாவதை மூன்றாலும் இரண்டாவதை நான்காலும் பெருக்கினால் இரண்டிலும் 12ச வரும். கழித்தால் ச காணாமல் போய்விடும்.

கூடுமா, குறையுமா?

நேர் மாறல், எதிர் மாறல் கணக்குகளில் பெருக்குவதா வகுப்பதா என்ற சந்தேகம் வந்தால் சூத்திரத்தைத் தேடாதீர்கள். விடை கூட வேண்டுமா குறைய வேண்டுமா என்று மட்டும் கேளுங்கள். 5 கிலோ அரிசி 300 ரூபாய் என்றால் 8 கிலோவுக்குக் கூடத்தான் வேண்டும். ஒரு கிலோ 60, எட்டு கிலோ 480. 12 பேர் 10 நாளில் முடிக்கும் வேலையை 15 பேர் செய்தால் நாள் குறையத்தான் வேண்டும். மொத்த வேலை 12 × 10 = 120 ஆள்நாள். 15-ஆல் வகுத்தால் 8 நாள்.

கூட்டு வியாபாரத்தில் லாபம் பிரிப்பதும் இதே ஆள்நாள் யோசனைதான், ஆளுக்குப் பதில் பணம். ஒருவர் 20,000 ரூபாயை 12 மாதமும், மற்றவர் 30,000 ரூபாயை 8 மாதமும் போட்டிருந்தால், லாப விகிதம் 2:3 அல்ல. பணத்தை மாதத்தோடு பெருக்க வேண்டும். இரண்டுமே 2,40,000. லாபம் சரிபாதி.

தேர்வு அறையில்

கொள்குறி வகைத் தேர்வில் விடைகளும் ஒரு தகவல்தான். 4:5 என்ற விகிதத்தில் உள்ளவர்களின் மொத்தம் கேட்கப்பட்டால் விடை 9-இன் மடங்காகத்தான் இருக்க முடியும். நான்கில் ஒன்று மட்டும் அப்படி இருந்தால் அதோடு வேலை முடிந்தது. வயதுக் கணக்கில் சமன்பாடு சட்டென்று வரவில்லை என்றால் நடுத்தரமான ஒரு விடையை எடுத்துக் கேள்வியில் போட்டுப் பாருங்கள். குறைவாக வந்தால் அடுத்த பெரியது. இது ஏமாற்று வேலை ஒன்றும் இல்லை. ஆனால் வீட்டில் பயிற்சி செய்யும்போது இந்த வழியில் போகாதீர்கள். வீட்டில் சமன்பாடு, தேர்வில் எது வேகமோ அது.

ஒரு நிமிடத்துக்குள் பெயர் வைக்கக்கூட முடியாத கேள்வியைத் தாண்டிப் போய்விட்டு, கடைசியில் திரும்பி வாருங்கள். பயிற்சிக்கு வழிகாட்டி நூல்களுக்கு முன்னால் சமச்சீர்ப் பாடநூல்களை எடுப்பது நல்லது. ஆறாம் வகுப்பில் விகிதமும் விகித சமமும், ஏழாம் வகுப்பில் நேர், எதிர் விகிதங்கள், எட்டாம் வகுப்பில் ஒருபடிச் சமன்பாடுகள் இருக்கின்றன. இந்த மூன்று பாடங்களின் எடுத்துக்காட்டுகளைப் பார்க்காமல் போட வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

போட்டுப் பார்க்க நான்கு

விடையைக் கையால் மறைத்துக்கொண்டு போடுங்கள்.

ஒன்று. சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு வாடகைக்கும், மீதியில் பாதி மளிகைக்கும் போய்விட்டது. கையில் 6,000 ரூபாய் இருக்கிறது. சம்பளம் எவ்வளவு?

இரண்டு. இருவரின் வயது விகிதம் இப்போது 2:5. எட்டு ஆண்டுகளுக்குப் பின் 1:2. இருவரின் தற்போதைய வயது என்ன?

மூன்று. 60 லிட்டர் கலவையில் பாலும் தண்ணீரும் 2:1. விகிதம் 1:2 ஆக எத்தனை லிட்டர் தண்ணீர் சேர்க்க வேண்டும்?

நான்கு. இரண்டு எண்களின் விகிதம் 3:5. இரண்டிலும் 9-ஐக் கழித்தால் விகிதம் 12:23. சிறிய எண் எது?

விடைகள்.

ஒன்று: 18,000. இரண்டாவது செலவு 'மீதியில்' பாதி. வாடகை போக மூன்றில் இரண்டு பங்கு மீதி. அதில் பாதி மூன்றில் ஒரு பங்கு. கையில் இருப்பதும் மூன்றில் ஒரு பங்கு. 36,000 என்று வந்திருந்தால் 'மீதியில்' என்ற சொல்லைத் தாண்டிப் போயிருக்கிறீர்கள்.

இரண்டு: 16, 40. வித்தியாசம் 3 பங்கு, 1 பங்கு. இரண்டாவது விகிதத்தை 3:6 ஆக்குங்கள். 2 பங்கு 3 பங்காகிறது, ஒரு பங்கு 8 ஆண்டு.

மூன்று: 60 லிட்டர். பால் 40, தண்ணீர் 20. பால் மாறாது, அது இப்போது ஒரு பங்கு. தண்ணீர் இரண்டு பங்கு, 80. இருபது ஏற்கெனவே இருக்கிறது. 80 என்று எழுதியிருந்தால் கடைசி வரியில் "சேர்க்க வேண்டும்" என்பதற்குக் கீழே கோடு போடவில்லை.

நான்கு: 33. எண்கள் 3ப, 5ப. குறுக்குப் பெருக்கலில் 23(3ப − 9) = 12(5ப − 9). அதாவது 69ப − 207 = 60ப − 108, 9ப = 99, ப = 11. எண்கள் 33, 55. ஒன்பதைக் கழித்தால் 24, 46. பாதியாக்கினால் 12, 23. விடை 11 என்று குறித்திருந்தால், அது பங்கு மட்டும்தான்.